பத்தாங்கட்டை மேடும் அறுநூற்று அறுபது சீசீயும்

மலாயில் குன்று என்று பொருள்படும் புக்கிட்டைப் பெயரில் வைத்துக்கொண்ட ஊர்களில் ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மலாக்காவில் ஜாசினிலிருந்து உள்ளே போகும் பத்தாங்கட்டைத் தோட்டத்துக்கு அப்படியொரு பெயர் கிடையாது. மேடு மட்டும் இருந்தது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக்கு நடுவே தார்ச்சாலை ஒரு வளைவு வளைந்து, நடந்து ஏறுகிறவனுக்குக்கூட மூச்சு வாங்காத அளவில் உயர்ந்து, மறுபக்கம் இறங்கிப் பெரிய சாலையில் சேரும். பெரிய வண்டிக்காரர்கள் அதை மேடு என்றே கணக்கில் வைக்கமாட்டார்கள். அறுநூற்று அறுபது சீசீ கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது மேடு.

மலர்விழி அப்படியொரு கார் வைத்திருந்தாள். செவ்வாய், வியாழன், சனி காலைகளில், மேட்டின் அடியில் இருக்கும் எடைக் கொட்டகையைத் தாண்டியதும் அவள் கை தானாக ஏர்கோன் பொத்தானுக்குப் போகும். அணைத்துவிடுவாள். குளிர்காற்று நின்றதும் காருக்குள் பேச்சும் நின்றுவிடும். பேசினால் பாரம் கூடிவிடாது. இருந்தாலும் உள்ளே இருக்கும் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து உட்காருவார்கள். சின்ன எஞ்சின் வைத்திருக்கும் வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிடுகிற பழக்கம் இது. கோயிலில் மணி அடித்ததும் கை கூப்புகிற மாதிரி.

நாலு பேரில் மலர்விழி ஒருத்திதான் நோயாளி இல்லை. பக்கத்து இருக்கையில் அவள் கணவர் இருளாண்டி. பின்னால் செலின் டீச்சர். ஜாசினில் முப்பது ஆண்டு பாலர்பள்ளி நடத்தி ஓய்ந்தவர். அவருக்குப் பக்கத்தில் நல்லமுத்து, தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றவர். மூன்று பேருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. புக்கிட் காத்திலில் ஒரு கடைவரிசையில், முடிதிருத்தும் கடைக்கும் செல்பேசிக் கடைக்கும் நடுவில் இருக்கும் மையத்துக்கு ரத்தம் கழுவப் போகிறார்கள். போனால் பாதி நாள் அங்கேதான்.

இந்த நோய்க்காரர்களுக்குத் தண்ணீர்தான் எதிரி. குடித்தது வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே நிற்கும். அளவாகக் குடித்தால் அடுத்த முறை இயந்திரம் எடுத்துவிடும். அளவு மீறினால் முதலில் கணுக்காலில் இறங்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறும். மையத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலை தராசில் ஏறுவது. கூடியிருக்கிற எடை அத்தனையும் தண்ணீர் என்பது மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் தாதிக்குத் தெரியும், ஏறி நிற்கிறவருக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் காரில் போகிறவர்களுக்குத் தராசுக்கு முன்னாலேயே தீர்ப்பு வந்துவிடும். மேட்டில் பாதி ஏறும்போது எஞ்சின் முனகி நடுங்கினால், மலர்விழி சாலையைப் பார்த்தபடியே சொல்வாள்.

"இன்னிக்கு இழுக்க மாட்டேங்குது."

"யாரு குடிச்சது?" செலின் டீச்சர் பாலர்பள்ளிக் குரலில் கேட்பார்.

"என்னப் பாக்காதீங்க டீச்சர். நேத்து பூரா ஐஸ்கட்டியதான் சப்பிக்கிட்டுக் கெடந்தேன்."

"ஐஸ்கட்டி என்ன கருங்கல்லா நல்லமுத்து? அதுவும் தண்ணிதான் லா."

 இருளாண்டி சன்னலுக்கு வெளியே செம்பனையைப் பார்ப்பார். அன்றைக்குத் தராசு சொல்வது அநேகமாக அவரைப் பற்றித்தான் இருக்கும்.

இயந்திரவியல் தெரிந்த எவரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். காரின் எடையோடு நாலு ஆள் எடையையும் சேர்த்தால், மூன்று பேர் உடம்பில் தேங்கிய தண்ணீர் அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. முப்பது குதிரைச் சக்தி உள்ள எஞ்சினானாலும் அந்த வித்தியாசம் அதற்குத் தெரிய வழியில்லை. வெறும் வயிற்றோடு ஏறினாலும் அந்தக் கார் அழத்தான் செய்யும். இதெல்லாம் சரியான கணக்கு. கணக்கில் வராதது ஒன்றுதான்: மிஸ்ஸி சொல்லியும் டாக்டர் சொல்லியும் சுவரில் ஒட்டிய படம் சொல்லியும் கேட்காத இருளாண்டி, கார் சொன்னால் கேட்டார். கார் முனகிய நாளுக்கு மறுநாள் வீட்டில் அவர் கோப்பை எடுப்பது குறையும்.

இதிலும் ஒரு முரண் உண்டு. சின்ன எஞ்சின் என்றால் அவருக்கு இளக்காரம். முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஆறு சிலிண்டர், ஆறாயிரத்துச் சொச்சம் சீசீ. குலை நிரம்பிய லோரியை அதே மேட்டில் ஒற்றைக் கையால் ஏற்றியவர். தோட்டத்தில் ஆண்கள் ஒருவரையொருவர் சீசீ வைத்து அளந்துகொண்ட காலம் அது. ஆயிரத்துக்குக் கீழே ஓட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்பது கிண்டல். ஆனாலும் கொஞ்சம் யோசித்தார்கள். சர்க்கரை வந்து சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டு, பின்னாலேயே ஒரு கண்ணின் பார்வையையும் எடுத்துக்கொண்டபோது லைசன்ஸும் போயிற்று. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்த மலர்விழி அதை விட்டு, நாற்பத்தாறாம் வயதில் கார் ஓட்டப் படித்து, இந்தப் பழைய காரை வாங்கினாள். முதல் நாள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்.

"தையல் மெசினுக்கு நாலு சக்கரம் வச்சி வித்துட்டான்."

அந்தத் தையல் மெசினின் பேச்சைத்தான் அவர் கேட்டார்.

இங்கே மலர்விழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புறப்படும் காலைகளில் இருளாண்டி வாசல்படியில் உட்கார்ந்து செருப்புப் போடும்போது அவள் அவர் காலைப் பார்ப்பாள். கணுக்காலில் எலும்பு தெரிந்தால் நல்லது. எலும்பு மறைந்து, செருப்பு வார் அழுத்திய தடம் பள்ளமாகவே நின்றால், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கதவைப் பூட்டுவாள், காரை எடுப்பாள். எடைக் கொட்டகையைத் தாண்டியதும் ஏர்கோனை அணைப்பாள். ஆனால் மற்ற நாள்களில் அந்த இடத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றுகிற கை, அன்றைக்கு மட்டும் மாற்றாது. மூன்றாவதிலேயே மேட்டில் ஏறுவாள். மூன்றாவது கியரில் அந்த மேட்டில் ஏறினால் எந்தச் சின்னக் காரும் முனகத்தான் செய்யும். ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடி அதிரும், பின்னால் இருப்பவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள்.

வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டால் அவளால் ஆமாம் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

வாயால் சொல்லிப் பார்க்காமல் இல்லை. நோய் வந்த புதிதில் ஒருமுறை, "போதுங்க, காலையிலேருந்து மூணாவது கோப்பை," என்றாள். இருளாண்டி கோப்பையை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் அதன் பிடி உடைந்தது. "லைசன்ஸப் புடுங்கிட்டானுங்க. இப்ப நீ என் வாய்க்குப் பூட்டுப் போடுறியா?" என்றார். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் வற்புறுத்திக் கேட்டுப் பழக்கமில்லாதவள். எஞ்சின் அவளுக்கு வசதியாகப் போயிற்று. ஜாசினில் பட்டறை வைத்திருக்கும் எட்வின், "அக்கா, பெரிய எஞ்சின் ஒண்ணு கெடக்கு, மாத்தித் தரேன், மேடு ஏறுறதே தெரியாது," என்று இரண்டு முறை கேட்டும், "இருக்கட்டும்பா," என்றுதான் சொல்லியிருந்தாள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் கவிநேசன் ஒரு விடுமுறையில் வந்தான். அந்தச் சனிக்கிழமை நல்லமுத்து வராததால் பின் இருக்கையில் அவனும் ஏறிக்கொண்டான். அன்றைக்கென்று அப்பாவின் கால் வீங்கியிருந்தது. மேட்டில் கார் முனகியபோது அவன் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது. உயிர் போற சத்தம் மாதிரி இருக்கு."

"அது அப்படித்தான்யா ஏறும்."

"அப்பாவ இதுல வச்சா கூட்டிட்டுப் போறீங்க, வாரத்துக்கு மூணு தடவ?"

மகன்களின் பாசம் பெரும்பாலும் வெட்கத்திலிருந்து தொடங்குகிறது. அடுத்த முறை அவன் வரும்போது ஒன்றரை லிட்டர் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஆட்டோ கியர், நூறு குதிரைக்கு மேல். பழையதை எட்வின் எடுத்துக்கொண்டு போனார். இருளாண்டி புதுக் காரின் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, ஒற்றைக் கண்ணால் எஞ்சினை வெகுநேரம் பார்த்தார். மூடியபோது அவர் முகத்தில் மலர்விழி பல வருடமாகப் பார்க்காத ஒரு களை இருந்தது. அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று எந்த மனைவி சொல்வாள்?

முதல் செவ்வாய்க்கிழமை செலின் டீச்சர் தன் தங்கை மகள் ஜோனிட்டாவின் நிச்சயதார்த்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கேக் கோணிப்போனது வரைக்கும் வந்துவிட்டார். ஏர்கோன் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் முன்னால் சாயவில்லை. நல்லமுத்து திடீரென்று திரும்பிப் பார்த்தார்.

"மேடு எங்க போச்சு?"

"தாண்டிட்டோம்யா," இருளாண்டி சிரித்தார். "இதுதான் இஞ்சினு. நாலு பேரு இல்ல, நாலு மூட்டையும் சேத்து ஏத்து. இது ஏன்னு கேக்காது."

ஏன் என்று கேட்காததுதான் நல்ல எஞ்சினுக்கு இலக்கணம். மலர்விழியின் இடது கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அது மடியில் கிடந்தது. அன்று காலை செருப்பு வாரின் தடத்தை அவள் பார்த்திருந்தாள். அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒன்றிரண்டு மாதம் இப்படியே ஓடியது. தராசில் இருளாண்டியின் எடை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடி நின்றது. மிஸ்ஸி கண்டித்தார். "எடுக்கத்தானே மெசின் வச்சிருக்கீங்க," என்றார் இருளாண்டி. நூறு குதிரை வந்த பிறகு அவருக்கு எல்லா இயந்திரங்கள் மேலும் நம்பிக்கை வந்துவிட்டது. மலர்விழி தண்ணீர் ஜாடியை அலமாரிக்குள் வைத்துப் பார்த்தாள். அவர் எழுந்துபோய் எடுத்துக்கொண்டார். கோப்பைகளைச் சின்னதாக மாற்றிப் பார்த்தாள், இரண்டாகக் குடித்தார். வாயால் மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை ஜாசின் மண்டபத்தில் ஒரு கல்யாணம். இருளாண்டியோடு லோரி ஓட்டியவர்கள் பலர் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் வெளியே புதுக் காரைச் சுற்றி நின்றார்கள். முன்மூடி மறுபடி திறந்தது.

"சீசீ பெருசா இருந்தா பத்தாதுண்ணே. இழுவை இருக்கணும்," என்றார் ஒருவர்.

"இழுவையா? நம்ம பத்தாங்கட்டையில ஏறிப் பாரு. காலு வச்சா போதும்."

"அண்ணிதான ஓட்டுறாங்க? நீங்க கால எங்க வச்சீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். இருளாண்டியும் சிரித்தார். பேச்சு வளர வளரக் கையில் இருந்த ரோஸ் சிரப் கோப்பை காலியானது, யாரோ நிரப்பினார்கள், அதுவும் காலியானது. வெயில் கடுமையாக இருந்தது. மலர்விழி மண்டபத்துப் படியில் மற்றப் பெண்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி நடந்து போய்க் கோப்பையை வாங்கிவிடலாம். அத்தனை பேர் முன்னால், மனுஷன் இவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிக்கும்போது? செவ்வாய்க்கிழமை வந்தால் எடுத்துவிடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் பக்கத்தில் நின்றவர் கேட்ட கேள்விக்கு இரண்டு முறை தப்பான பதில் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியும்போது இருளாண்டி படுக்கையில் இல்லை. கூடத்துச் சன்னலோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முட்டிமேல் ஊன்றி, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. பேச முயன்றார், ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவில் மூச்சு போதவில்லை. உதடு கறுத்திருந்தது.

அவரை எப்படிக் காரில் ஏற்றினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. எடைக் கொட்டகை போனது தெரியும். மேட்டில் ஏறும்போது முன்னால் குலை ஏற்றிய லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பழைய காராக இருந்தால் அதன் புகையைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து போயிருக்க வேண்டும். மலர்விழி காலை முழுதாக அழுத்தினாள். கார் ஒரு கணம் குரல் மாறி, பிறகு பாய்ந்தது. வளைவுக்கு முன்பே லோரியைத் தாண்டிவிட்டாள். பெரிய சாலையில் அவள் அதற்கு முன் போகாத வேகத்தில் போனாள். பக்கத்தில் அவர் தலை கதவோடு சாய்ந்திருந்தது. மலாக்கா ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்து அவரைத் தள்ளுகட்டிலில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அன்று காலையே இயந்திரம் மாட்டித் தண்ணீரை எடுத்தார்கள்.

அந்த எஞ்சின்தான் அவரைக் குடிக்கவிட்டது என்று சொல்கிறவர், அந்த எஞ்சின்தான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கவிநேசன் ஃபோனில் அழுதுகொண்டே, "நல்ல வேளம்மா, பெரிய காரு வாங்குனோம்," என்றான். மலர்விழி, "ஆமாய்யா," என்றாள். அவனுக்கு வேறு என்ன சொல்வது?

இரண்டு நாள் கழித்து வார்டில் இருளாண்டி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது. கணுக்காலில் எலும்பு தெரிந்தது. மலர்விழி பக்கத்து நாற்காலியில் அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மலரு."

"ம்."

"பழைய காருல மேட்டுக்கு ஏன் மூணாவது கியர்லயே ஏறுவ?"

மடித்த சட்டை கையிலேயே நின்றது. 

"தெரியுமா உங்களுக்கு?"

"முப்பது வருசம் லோரி ஓட்டுனவன்டி நானு. கியரு தப்பாக் கெடந்தா தூக்கத்துலயும் எந்திரிச்சிருவேன். மொதல்ல உனக்கு ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, என் காலு வீங்குற அன்னிக்கு மட்டும் ஓட்டத் தெரியல."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"என்னன்னு கேக்க?" அவர் கூரையைப் பார்த்தார். மூச்சு இன்னும் சுருக்கமாகத்தான் வந்தது. "மிஸ்ஸி திட்டுறா, டாக்டரு திட்டுறான். அவங்க சம்பளத்துக்குத் திட்டுறாங்க. நீ திட்டுனதே கெடையாது. சரி, இவ இப்படித்தான் திட்டுவா போலன்னு இருந்துட்டேன். கேட்டுட்டா நீ நிறுத்திடுவ."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவர் காத்திருந்து பேசினார்.

"புதுக் காரு வந்துச்சு. எவ்ளோ குடிச்சாலும் ஒரு சத்தமும் இல்ல. ஒரு நா, ரெண்டு நா பாத்தேன். சரி, இவளும் விட்டுட்டா போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

மலர்விழிக்குச் சொல்வதற்குப் பதில் இருந்தது. அது ஆட்டோ கியர், என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மை அந்த நேரத்தில் அவளுக்கே கேவலமாகப் பட்டது. ஒரு மனிதர் இரண்டு மாதமாகக் கோப்பை கோப்பையாகக் குடித்து, யாராவது நிறுத்துகிறார்களா என்று பார்த்திருக்கிறார். அவள் ஜாடியை அலமாரிக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள்.

வார்டுப் பணியாள் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சர்க்கரை போடாத தேநீரைக் கோப்பை நிறைய ஊற்றி, கட்டில் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இருளாண்டி கோப்பையை எடுத்தார். குடிக்கவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

மலர்விழி சட்டையைக் கீழே வைத்தாள். இரண்டு சொல்தான்; எந்த மேட்டிலும் அவளுக்கு இவ்வளவு சிரமமாக இருந்ததில்லை.

"பாதி போதும்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எதிர்க் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. "நீங்க போயிட்டா அந்த வீட்டுல ஒத்தையில ஒக்காந்து நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியல. அந்தப் பயம் காருக்குக் கெடையாது, மிஸ்ஸிக்குக் கெடையாது. எனக்குத்தான் இருக்கு. பாதி போதுங்க. இனிமே தெனம் சொல்வேன். கோப்பைய உடைச்சாலும் சொல்வேன்."

 இருளாண்டி சின்னச் சின்ன மடக்காகக் குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து அளந்தார். பாதிக்குக் கொஞ்சம் கீழே போனதும் அவள் முகத்தைப் பார்த்தார், அவள் கையை நீட்டினாள், கொடுத்துவிட்டார்.

மீதியை ஊற்ற அங்கே இடமில்லை. அவளே குடித்தாள். கசப்பாக இருந்தது, ஆறியும் போயிருந்தது.